நிலத்தில் நிற்பதும் நாவில் நிற்பதும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பண்பாடு, மொழி, சமயம் ஆகிய மூன்றையும் மானிடப் புவியியல் எவ்வாறு நோக்குகிறது என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். கல்லூரி வகுப்புக்குரிய பொருளைக் குடும்பங்கள் கூடியிருக்கும் அவையில் வைத்தல் பொருந்துமா என்று முதலில் தயங்கினோம். பின்னர், நாம் நாள்தோறும் நடக்கும் தெருக்களை எண்ணிப் பார்த்தபோது தயக்கம் நீங்கிற்று. ரிச்சர்ட்ஸ் பூங்காவில் தொடங்கிச் சிவாஜி நகர் வரையில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடப்பவர்க்கு அந்தக் கலையிற் பாதி விளங்கிவிடும்.

நம் குடியிருப்பின் பெயரையே முதலிற் பார்ப்போம். இப்பெயருக்குரிய எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்பார் இப்பகுதியின் ஆட்சியராக இருந்த ஆங்கிலேயர். வரி தண்டுவதோடு நின்றவர் அல்லர். 1909-ஆம் ஆண்டில் இந்நகரில் மிதிக் சொசைட்டி என்னும் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியதற்கு முன்னின்றவர் இவரே. 1918-இல் வெளிவந்த சேலம் மாவட்ட விவரச் சுவடியை எழுதியவரும் இவரே. அக்காலத்துச் சேலம் மாவட்டத்தில் ஓசூர்ப் பகுதியும் அடங்கியிருந்தது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் தோளோடு தோள் உரசும் நிலம் அது. எந்த மக்கள் எங்கே வாழ்கின்றனர், ஏன் அங்கே வந்தனர், அவர் வந்ததனால் அந்த இடம் எவ்வாறு மாறிற்று என்று வினவுவதே மானிடப் புவியியல். அவ்வினாக்களைக் கேட்டுத் திரிந்த ஒருவரின் பெயரால் அமைந்த ஊரில் நாம் குடியிருக்கிறோம். நம்மில் எத்தனை பேர் அதை அறிந்திருந்தோம்?

நிலத்தையும் வாழ்வையும் இணைத்துப் பார்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்தில் தோன்றும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றார். அம்மக்களின் உள்ளத்து ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். மேலை நாட்டில், அமெரிக்கப் புவியியலறிஞர் கார்ல் சாவர் 1925-இல் எழுதிய கட்டுரையொன்றில், மக்களின் பண்பாடு இயற்கை நிலத்தின்மேல் செயற்பட்டு அதனைத் தன் சாயலில் மாற்றியமைக்கிறது என்று விளக்கினார். அவ்வாறு உருவாகும் தோற்றத்திற்குப் பண்பாட்டு நிலத்தோற்றம் என்று பெயர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். திணை நெறியில் நிலம் தாய். தெய்வமும் தொழிலும் அவள் பெற்ற பிள்ளைகள். சாவர் கண்ட முறையில் மக்களே சிற்பிகள். நிலம் அவர் கைப்பட்ட கல். பிறந்த ஊரிலேயே இருந்து வாழ்வோர்க்குத் திணை நெறி போதும். ஊர்விட்டு ஊர் வந்த நம்மனோர்க்கு இரண்டும் வேண்டும். குறிஞ்சித் தெய்வத்தைத் தோளிற் சுமந்துகொண்டு குறிஞ்சி அல்லாத இடத்தில் குடியேறியவர்கள் அல்லமோ நாம்!

நாம் வந்த வழியைச் சுருங்கச் சொல்வோம். கெம்பே கௌடர் 1537-இல் அமைத்த பேட்டைக்குக் கிழக்கே, 1809-இல் ஆங்கிலேயர் தம் படையை நிறுத்தினர். கன்னடத்தார் அதனைத் ‘தண்டு’ என்றனர். தண்டு என்பது படையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லுமாம். சென்னை மாகாணப் படையோடு தமிழர் வந்தனர். சிப்பாயாகவும், சமையற்காரராகவும், துணி வணிகராகவும், கட்டட ஒப்பந்தக்காரராகவும் வந்தனர். சென்னைப் பொறியாளர் படையின் வீரரைத் ‘தம்பி’ என்று அழைக்கும் வழக்கம் அல்சூரில் இன்றும் வழங்குகிறது. 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து தண்டுக்கு இருப்புப்பாதை வந்தது. அதன்பின் வரவு பெருகிற்று. 1898-இல் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கடியான தெருக்களில் மாண்டோர் பலர். காற்றும் வெளிச்சமும் உள்ள புதிய குடியிருப்புகளை வகுக்க வேண்டுமென்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது. பிரேசர் டவுனும் அதன் பின் நம் பகுதியும் அவ்வாறு எழுந்தவை. 1940 தொடங்கி விமானத் தொழிற்சாலை, தொலைபேசித் தொழிற்சாலை, கடிகாரத் தொழிற்சாலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரவே, இன்னொரு தலைமுறைத் தமிழர் வந்தனர். கணிப்பொறித் தொழிலை நாடி வந்தோர் இவ்வவையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். புவியியலார் இதனை இடம்பெயர்வுப் பரவல் என்பர். நெருப்பு ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்குத் தாவுவது ஒரு வகைப் பரவல்; விளக்கைக் கையிலேந்தி ஒருவர் வேறு வீட்டிற்குப் போவது மற்றொரு வகை. நம்முடையது இரண்டாம் வகை. போகும் வழியிற் காற்றடித்தால் விளக்கு அணையவும் கூடும்.

இனி மொழிக்கு வருவோம்.

கன்னடமும் தமிழும் ஒரு குடும்பத்து மொழிகள் என்பதை மேடையிற் சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. அதனைத் தெருவிற் கண்டறிவதே இன்பம். நம் பால் அவர்க்கு ஹாலு. நம் புலி அவர்க்கு ஹுலி. நம் பல் அவர்க்கு ஹல்லு. நம் பள்ளி அவர்க்கு ஹள்ளி. பழங்கன்னடத்தில் பகரமாக இருந்த முதலெழுத்து இடைக்காலத்தில் ஹகரமாயிற்று. இம்மாற்றம் எந்த எல்லைவரை பரவிற்றோ அந்த எல்லையை நிலப்படத்தில் ஒரு கோடாக வரைந்து காட்டலாம். மொழி நூலார் அதனைச் சொல்லெல்லைக் கோடு என்பர். அல்சூரைக் கன்னடத்தார் ஹலசூரு என்பர். ஹலசு என்பது நம் பலாவே. பலா மரம் செறிந்த ஊராதலின் அப்பெயர் பெற்றது என்பர். ‘ஊர்’ என்னும் ஈறு இருவர்க்கும் பொது.

ரா. பி. சேதுப்பிள்ளை 1946-இல் வெளியிட்ட ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூலைப் படித்தவர்கள், ஓர் ஊர்ப்பெயருக்குள் எத்துணை வரலாறு உறங்குகிறது என்பதை அறிவர். இந்நகருக்கும் அத்தகைய நூலொன்று தமிழில் வேண்டும். பேகூரில் 9-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த கன்னட நடுகல் ஒன்று ‘பெங்களூரு’ என்னும் பெயரைக் குறிக்கிறது. தொம்மலூர்ச் சொக்கநாதப் பெருமாள் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இவ்விரண்டையும் ஒரே நாளிற் பார்த்து வரலாம். யார் முந்தியவர் என்று வழக்காடுவதற்கு இவற்றைச் சான்றாக எடுப்பவரும் உளர். அது புவியியலும் அன்று, நல்லறிவும் அன்று. இரு மொழியும் இம்மண்ணில் நெடுநாள் அருகருகே இருந்தன என்பதே கல் சொல்லும் செய்தி. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டி நிகழ்ந்த கொடுமைகளைக் கண்ட முதியோர் இங்கே உளர். அதே ஆண்டு முதல் அல்சூர் ஏரிக்கரையில் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டு ஒரு புலவரைத் திரைக்குள் வைத்திருந்த நாணமும், அத்திரையை விலக்கிய நாகரிகமும் இரண்டும் இந்நிலத்தோற்றத்தின் பகுதிகளே.

தொல்காப்பியர் சொற்களை நான்கு வகையாகப் பிரித்தபோது திசைச்சொல் என்று ஒரு வகை கூறினார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நிலங்களில் வழங்கித் தமிழிற் புகும் சொல் அது. தண்டுப் பகுதித் தமிழைக் கேட்டு முகம் சுளிக்கும் உறவினர் நம் எல்லோர்க்கும் சென்னையிலோ மதுரையிலோ இருக்கின்றனர். கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஆங்கிலமும் விரவிய பேச்சு அது என்பது உண்மையே. ஆயினும் அது வாழும் பேச்சு. அந்தத் திசைச்சொல்லுக்கு நாம் நாண வேண்டுவதில்லை. வருந்த வேண்டியது வேறொன்று. அதனைச் சற்றுப் பின்னர்ச் சொல்வோம்.

சமயத்தைப் பற்றிப் பாடநூல்கள் ஒரு பாகுபாடு கூறும். எல்லா மக்களையும் அழைக்கும் உலகச் சமயங்கள் ஒருவகை. ஒரு மக்களோடும் நிலத்தோடும் பிணைந்து அவர் போகுமிடமெல்லாம் போகும் இனச் சமயங்கள் மற்றொரு வகை. நூலிற் படிக்கும்போது தெளிவாகவே உள்ளது. சிவாஜி நகரில் இறங்கியவுடன் அத்தெளிவு கலங்கிப் போகிறது.

ஆரோக்கிய அன்னையின் பெருங்கோயிலை எடுத்துக்கொள்வோம். இன்று காணும் வானளாவிய கட்டடம் 1882-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. 1970-களில் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. அங்கே முதலில் வழிபட்டோர் செஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தமிழ்க் கிறித்தவர்கள் என்பது வழிவழிச் செய்தி. அன்னை அங்கே புடைவை உடுத்தி நிற்கிறாள். ஆகஸ்டு இறுதியிற் கொடியேற்றம். செப்டம்பர் 8-ஆம் நாள் தேர்பவனி. வேளாங்கண்ணியிற் போலவே காவியுடுத்து வருவோர் கூட்டம். அக்கூட்டத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் விரவி நிற்பதை நம்மில் யார் காணவில்லை? உலகச் சமயம் என்று நூல் வகுத்தது, இங்கே நெற்றிப் பொட்டும் மல்லிகைச் சரமுமாக ஊர்த் தெய்வத்தின் அருகில் வந்து அமர்ந்துவிட்டது.

மறுபுறம் திரௌபதியம்மன். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்ட்டல் 1988-இல் வெளியிட்ட நூலில், திரௌபதி வழிபாட்டின் ஊற்றிடம் செஞ்சியைச் சூழ்ந்த பகுதி என்று காட்டினார். ஆக, கன்னி மரியாளையும் கன்னி திரௌபதியையும் ஒரே செஞ்சியோடு இணைத்துப் பேசுகிறது இந்நகர். சித்திரை முழுநிலா இரவில் நடைபெறும் கரகத் திருவிழாவை அறியாதார் இங்கு இல்லை. பேட்டையிலுள்ள தர்மராய சுவாமி கோயிலிலிருந்து, பெண்கோலம் பூண்ட பூசாரி மலர்க் கரகத்தைத் தலையில் தாங்கி வருவார். வாளேந்திய வீரகுமாரர் சூழ்ந்து வருவர். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் கரகம் தங்கிச் செல்லும். இதனை நடத்துவோர் திகளர் என்னும் தோட்டக்கலை வல்ல மக்கள். அவர் முன்னோர் தமிழ் நிலத்தினின்று வந்தோர் என்பது மரபு. திகளர் என்ற பெயரே கன்னடத்தில் தமிழரைச் சுட்டிய பழஞ்சொல். திகளரபேட்டை என்று ஒரு பகுதியும் உண்டு. இன்று அம்மக்கள் கன்னட நாட்டின் மக்களாகவே சிறப்புற வாழ்கின்றனர். அவர்தம் பொதுமொழி கன்னடம். தெய்வம் நின்றது, பெயர் நின்றது, தலையில் ஏந்திய கரகம் நின்றது. நாவில் ஏந்தி வந்தது மட்டும் பெரும்பாலும் கரைந்துவிட்டது.

இதனைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மக்கள் தாம் வாழும் நாட்டின் மொழியைத் தமதாக்கிக் கொள்வது இயல்பு. புவியியலார் அதனை ஒன்றுகலத்தல் என்பர். நாம் கேட்பது, ஏன் ஒன்று நிற்க மற்றொன்று கரைந்தது என்பதே.

கடல் கடந்தும் இதே கதைதான். 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் நேட்டாலில் கரும்புத் தோட்டத் தொழிலாளரை இறக்கிற்று. அவர் வழியினர் இன்றும் காவடி எடுக்கின்றனர். பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். மொரீசியசில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். 1998-இல் அந்நாட்டுப் பணத்தாளில் தமிழெழுத்துக்கு இருந்த வரிசை மாற்றப்பட்டபோது, தமிழ் மரபினர் கிளர்ந்தெழுந்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. அத்துணை உணர்ச்சியோடு தமிழெழுத்தைக் காத்தவர்களின் வீடுகளில் வழங்குவது பெரும்பாலும் கிரியோல் மொழி. அவர் தமிழ்ப்பற்றை ஐயுறுவார் உண்டோ? பற்றுக் குறைவால் மொழி போகவில்லை.

காரணம் வேறு என்று நாம் கருதுகிறோம். சமயம் நிலத்தைப் பற்றிக்கொள்கிறது. ஓர் அரசமரத்தடி, ஒரு கல், ஒரு சிலுவை, ஆண்டில் ஒரு நாள் இவை போதும். வாய் பேசாதவரும் தீச்சட்டி ஏந்தலாம். பொருள் அறியாதவரும் தேர்வடம் பிடிக்கலாம். மொழிக்கோ சொந்த நிலம் இல்லை. அது இருவர்க்கு இடையிலுள்ள காற்றில் வாழ்கிறது. அவ்விருவருள் ஒருவர் முதியவராகவும் மற்றவர் சிறியவராகவும் இருத்தல் வேண்டும். பேச்சு ஆண்டுக்கொருமுறை அன்று, அன்றாடம் நிகழ வேண்டும். ஆண்டுத் திருவிழா சமயத்திற்கு உணவு. மொழிக்கு அது பலகாரம். நம் சங்கமும் ஆண்டு விழாவோடு அமைந்துவிடுகிறதே என்பதை இவ்விழா மேடையிலேயே நின்று சொல்வது நாகரிகமன்று; ஆயினும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2011 மக்கட் கணக்கில் கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியெனக் குறித்தோர் ஏறத்தாழ 21 இலட்சம் பேர். தாய்மொழி எது என்று கேட்ட வினாவிற்கு விடை அது. அன்று காலை தம் பேரனோடு எம்மொழியிற் பேசினார் என்று கணக்கெடுப்பவர் கேட்கவில்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் குடியிருப்புப் பிள்ளைகள் பன்னிருவரை அழைத்துக்கொண்டு தெருப்பெயர் எழுதி வரப் புறப்பட்டோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்பேடு. நாராயண பிள்ளை தெரு, வீரப்பிள்ளை தெரு என்று மகிழ்ச்சியோடு எழுதினர். பிள்ளை என்றால் குழந்தைதானே என்று ஒருவன் கேட்டான், நல்ல கேள்வி. தர்மராஜா கோயில் தெருவுக்கு வந்தோம். பலகையில் மேல்வரி கன்னடம், கீழ்வரி ஆங்கிலம். எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஆங்கில வரியைப் பார்த்து, “தர்மராஜா காயில் ஸ்ட்ரீட்” என்று உரக்கப் படித்தான். கொசுவத்திச் சுருளை ஆங்கிலத்தில் சொல்வோமே, அந்தக் காயில்! கொசுவத்தி விற்கும் தெருவா என்று இன்னொருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். சிரித்து முடிந்தபின் நெஞ்சு கனத்தது. அச்சிறுவனின் தாய்வழிப் பாட்டனார் அடுத்த தெருவிற் பிறந்தவர். வெள்ளிதோறும் அவனைக் கோயிலுக்கு அழைத்துச் செல்கின்றனர். அவன் நெற்றியில் அன்றும் திருநீறு இருந்தது. கோயிலை அவன் அறிவான். ‘கோயில்’ என்னும் சொல்லை ‘டெம்பிள்’ என்றே அறிவான்.

அப்போது பின்னால் நின்ற ஒரு சிறுமி, “அது காயில் இல்லை, கோயில், மேலே எழுதியிருக்கிறதே” என்றாள். கன்னடப் பள்ளியிற் படிக்கும் பெண் அவள். தமிழெழுத்து அவளுக்குத் தெரியாது. கன்னட வரியைப் படித்தே சொன்னாள். நெட்டோசையோடு நம் சொல் பிழையின்றி அங்கே எழுதப்பட்டிருந்தது.

சில பெற்றோர், பிள்ளைகள் கன்னடம் கற்றால் தமிழ் போய்விடும் என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சம் தவறான திசையைப் பார்க்கிறது என்பதற்கு அப்பலகையே சான்று. ஒரு குடும்பத்து மொழியின் எழுத்து நம் ஒலியைத் தாங்கும். நாட்டின் மொழியைக் கற்பது நமக்குக் கடமை. அண்டை வீட்டாரோடு உறவு. அதற்கு மேலாக, இப்போது ஊதியமும் ஆயிற்று. நம் தமிழ் கரைவது கன்னடத்தில் அன்று. நம் கூடத்தில், நம் சோற்றுமேசையில், குழந்தை ஆங்கிலத்தில் கேட்க நாமும் ஆங்கிலத்திலேயே விடையளிக்கும் அந்த நொடியிற் கரைகிறது. இதிற் பிறரைக் குற்றம் கூற இடமில்லை. அச்சிறுவனின் பாட்டனாரைக் குற்றம் கூறவும் மனம் வரவில்லை. பேரன் தடுமாறக் கூடாதே என்னும் அன்பினால்தான் அவர் ஆங்கிலம் பேசுகிறார்.

ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் இத்தண்டுப் பகுதியில் பள்ளியொன்றைத் தொடங்கினார். இன்று அத்தகைய பெருஞ்செயல் நம்மால் ஆகாது. நம்மால் ஆவது ஓர் அறை. சங்கத்தின் நூலக அறை ஆறு நாளும் பூட்டியே கிடக்கிறது. அதனை ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் திறந்து வைக்கலாம். பாடம் நடத்த வேண்டுவதில்லை. தேர்வு வேண்டவே வேண்டா. முதியோர் இருவர் வந்து அமர்ந்து தம் இளமைக்காலத்துத் தண்டினைப் பற்றிப் பேசினாற் போதும். எந்தக் கிணறு எங்கிருந்தது, எந்தத் தோட்டத்தில் எக்காய் விளைந்தது, பிளேக் அம்மன் என்று எக்கோயிலை அழைத்தனர் என்று பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். முதலிற் கன்னட எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதினாலும் குற்றமில்லை. நாவிற்கு ஓர் இடம் கிடைக்கட்டும்.

தெரு நடையும் தொடர்கிறது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரிச்சர்ட்ஸ் பூங்காவின் வாயிலிற் கூடுவோம். இம்முறை பிள்ளண்ணா கார்டன் பக்கம் போவதாக எண்ணம். அத்தோட்டத்திற்குப் பெயர் தந்த பிள்ளண்ணா யார் என்று பிள்ளைகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டனர். அங்கே பழைய குடிகளாக இருப்போர் இவ்வவையில் யாரேனும் இருப்பின், கைத்தடியோடேனும் வந்து சேர வேண்டுகிறோம். நடை மெதுவாகவே இருக்கும்.